சின்னராஜுக்கு ஒரு கைச் சோறு

என் அண்ணன் சின்னராஜ் ஜெயிலிலிருந்து வந்து ஒரு வாரத்துக்குள் ஊரில் பாதிப் பேர் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மீதிப் பேரை அவன் இன்னும் போய்ப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் அவர்களும் சாய்ந்திருப்பார்கள்.

யார் வீட்டுக்குள்ளும் அவன் நுழையக் கூடாது. ரத்தம் சிந்தியவனை ஊர் சேர்த்துக்கொள்ளும்வரை அப்படித்தான் எங்கள் பக்கத்து வழக்கம். கோர்ட்டு விட்டுவிட்டால் ஊர் விட்டுவிட்டதாக ஆகாது. அந்தத் தடையையும் அவன் தனக்கு அலங்காரமாக மாற்றிக்கொண்டான். வாசலுக்கு வெளியே கை கட்டி நின்று, செத்துப்போனவர்களுக்குத் துக்கம் விசாரித்தான். பிறந்த பிள்ளைகளின் பெயரைக் கேட்டு மனசில் வைத்துக்கொண்டு, மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் சித்தனுக்கு முட்டிவலி என்று தெரிந்ததும் ஏற்காடு கடைவீதியிலிருந்து தைலம் வாங்கி வந்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே நீட்டினான்.

"உள்ள வரமாட்டேனுங்க. ஊரு சொல்ற அன்னைக்கு வந்து நானே தேச்சு உடறேனுங்க" என்றானாம். சித்தன் அதைச் சொல்லிச் சொல்லி உருகினார்.

இவ்வளவும் செய்த அதே கையால்தான் எங்கள் அப்பா அங்கப்பனை அவன் வெட்டினான்.

அப்போது நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மிளகு பறிக்கிற காலம். காயப்போட்டிருந்த மிளகை மழை வருமுன் வாரவில்லை என்று அப்பா அவனை நாலு பேர் முன்னால் திட்டினார். காரணம் அவ்வளவுதான். வேறு ஏதாவது இருக்கும், சொத்துத் தகராறா, பெண் விவகாரமா என்று வக்கீல் தோண்டித் தோண்டிக் கேட்டார். எதுவும் இல்லை. மறுநாள் காலை அப்பா தோட்டத்தில் குனிந்து மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து கொடுவாளால் வெட்டினான். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். கத்த வாய் வரவில்லை.

வெட்டியதைக்கூட விடுங்கள். கோபத்தில் வெட்டுகிறவர்கள் உலகத்தில் உண்டு. அவன் வெட்டிவிட்டு ஓடவில்லை, அழவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகவாயைக் கையில் ஊன்றி, அப்பா அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பால் பொங்கக் காத்திருக்கிறவள் அடுப்பைப் பார்ப்பாளே, அப்படி. பிறகு எழுந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டான்.

"லதா, சோறு ஆச்சா?"

டவுன் பிள்ளைகள் 'சைக்கோ' என்றால் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு தானே சிரிக்கிற சினிமா ஆளை நினைக்கிறார்கள். என் அண்ணன் தலையைப் படிய வாரி, பவுடர் பூசி, எதிரே வருகிறவருக்கெல்லாம் வணக்கம் சொல்கிறவன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்று சொல்லலாம். வழக்கு நடந்தபோது அவனைச் சோதித்த டாக்டர் ஒருவர் கோர்ட்டு வராந்தாவில் என்னிடம் சொன்னார்: "இவருக்குப் பைத்தியம் ஒண்ணும் இல்லைம்மா. நமக்கெல்லாம் உள்ள ஏதோ ஒண்ணு குத்துமே, அது இவருக்குக் குத்தறதில்லை." அந்த மனுஷனுக்கு நான் இன்னும் நன்றியோடு இருக்கிறேன். அவர் ஒருத்தர்தான் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

நான் சாட்சி சொன்னேன். ஆயுள் தண்டனை ஆயிற்று. அம்மா கண்ணாயி அன்றைக்கு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அதனால் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கூண்டில் நின்று சொன்னாள். சொன்னதோடு விட்டாளா என்றால் இல்லை. அத்தனை வருடமும், மனு போடவேண்டிய நாளில் மனு போட்டு, பஸ் ஏறி இறங்கிப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்காக நான் அவளோடு போடாத சண்டை இல்லை. புருஷனைக் கொன்றவனுக்கு முறுக்குச் சுட்டு எடுத்துப்போகிற பெண்பிள்ளையை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கேட்டால் பதில் சொல்லமாட்டாள். மாவைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

எங்களுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், மணிகண்டன். அப்பா சாவதற்கு முந்தின வருடம் தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்துவிட்டான். ஆகவே வெட்டினவனைத் தள்ளிவிட்டால் அப்பாவின் ரத்த உறவு என்று மிஞ்சியது நான் ஒருத்தி. கட்டின உறவு அம்மா.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சின்னராஜை ஊரில் சேர்ப்பதற்கு எங்கள் இரண்டு பேர் கையும் வேண்டும். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். இலையில் சாமைச் சோறு இருக்கும். செத்தவரின் பெண்சாதி பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கைச் சோறு அள்ளி வெட்டினவன் கையில் வைக்கவேண்டும். அவன் அதைச் சாப்பிட்டால் ஊராள். ஒரு கை குறைந்தாலும் வெளியாள். வெளியாளோடு யாரும் நல்லது கெட்டதற்குப் புழங்கமாட்டார்கள். அவன் ஊர் எல்லைக்குள் படுக்க முடியாது.

அம்மா அந்தச் சோற்றைப் போடத் துடித்துக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டு, அப்பா கட்டிய அந்த வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறாள். அந்த வீட்டில் அவளும் அவனும் மட்டும். சாம்பாரில் உப்புக் கூடிப்போனால் போதாதா? எனக்கு வேறு எதுவும் வேண்டாம், என் அம்மாவை அவனோடு ஒரே கூரையில் விடக்கூடாது. அதற்கு என்னிடம் இருந்தது ஒரு கை. அந்தக் கையை நீட்டாமல் இருந்தால் போதும்.

என்னைக் கட்டிக்கொடுத்தது கரடியூருக்கு. என் வீட்டுக்காரர் சிவக்குமார் ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறார். ஊர்கூடும் நாளுக்கு முந்தின வாரம், அவர் சவாரிக்கும் மகள் மேகலா பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த சமயம், சின்னராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் களத்தில் காப்பிப் பழம் துழாவிக்கொண்டிருந்தேன். பனி இறங்கி எதிரே இருந்த சவுக்கு மரமே தெரியவில்லை. அதற்குள்ளிருந்து அவன் வந்தான்.

"வாங்கண்ணா" என்றேன். கையிலிருந்த பலகைத் துழாவியை விடவில்லை.

"ஊட்டுக்குள்ள வரமாட்டேன் கண்ணு, பயப்படாதே" என்று சொல்லிவிட்டுக் களத்து ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து இன்னொரு துழாவியை எடுத்து, நான் விட்ட வரிசையிலிருந்து பழத்தைத் தள்ள ஆரம்பித்தான். ஒழுங்காகத்தான் தள்ளினான். வேலையில் அவனை யாரும் குறை சொன்னதில்லை.

"சாட்சி சொன்னதுக்கு உன் மேல எனக்குக் கோவமே இல்ல, லதா. பாத்ததச் சொன்னே."

நான் அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அப்பா உன் கனவுல வருவாரா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். கிண்டல் இல்லை. சேலத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரிக்கிற முகம்.

"எனக்கு ஒருநாளும் வந்ததில்ல. ஜெயில்ல எல்லாருக்கும் வருதுங்கறாங்க. கத்திக்கிட்டு எந்திரிப்பாங்க. எனக்குப் படுத்தா தூக்கம்தான். வந்தா எப்படி இருக்கும் கண்ணு?"

சொல்லியிருக்கவேண்டாம். ஆனால் இத்தனை வருடத்தில் என்னிடம் அதைக் கேட்டவர் யாரும் இல்லை. சிவக்குமாரிடம் சொன்னால் "அதையே நெனைக்காதே புள்ள" என்பார். அம்மா எழுந்து போய்விடுவாள். அப்பாவை அப்பா என்று சொல்ல இந்த உலகத்தில் இன்னும் ஒரு ஆள் இருந்தான், அவன் என் எதிரில் பழம் தள்ளிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்.

மழை கொட்டும். கதவுக்கு வெளியே அப்பா நிற்பார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும். நான் தாழ்ப்பாளை எடுக்கப் போவேன். அப்போது அவர் வெளியிலிருந்து, "கதவத் தெறக்காதே சாமி, மழை உள்ள வந்துரும்" என்பார். அவர் நனைந்துகொண்டு நிற்கிறார், நாங்கள் நனையக் கூடாது என்கிறார். அதற்குமேல் கனவு நகராது. தாழ்ப்பாளில் கை வைத்தபடி விழித்துக்கொள்வேன்.

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவன் துழாவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். உதடு லேசாக அசைந்தது. மனசு இளகி அழுகையை அடக்குகிறான் என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தேன். எனக்கு அவன் மேல் இரக்கம்கூட வந்தது. இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஊர்கூடிய அன்று நல்ல பகல். இருந்தாலும் பனி விலகவில்லை. கோயில் மணிச் சத்தம் கேட்டது, கோயில் தெரியவில்லை. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் நின்றார்கள். சின்னராஜ் தலையை மொட்டை அடித்து, ஈர வேட்டியோடு நடுவில் நின்றான். இலையில் சாமைச் சோறு ஆவி பறந்தது. சித்தன் எழுந்து, "பேசறதுன்னா பேசப்பா" என்றார்.

அவன் முதலில் பேசவே இல்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றான். பெண்கள் பக்கம் 'த்சொ' என்று ஒரு சத்தம் எழுந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"மன்னிப்புக் கேக்கற யோக்கியதை எனக்கு இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றனுங்க. ஜெயில்ல ஒரு நாள் உடாம எங்கப்பா கனவுல வந்தாருங்க. மழை ஊத்துமுங்க. கதவுக்கு வெளிய நிப்பாருங்க. சட்டை நனைஞ்சு ஒடம்போட ஒட்டியிருக்குமுங்க. நான் தாழ்ப்பாள எடுக்கப் போவனுங்க. அவரு சொல்வாருங்க..."

இங்கே அவன் குரல் உடைந்தது. சரியாக உடையவேண்டிய இடத்தில் உடைந்தது.

"'கதவத் தெறக்காதே சாமி, மழை உள்ள வந்துரும்'னு சொல்வாருங்க. வெட்டுனவன் நனையக்கூடாதுன்னு நெனச்சவருங்க எங்கப்பா."

பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். சித்தன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சின்னராஜின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அழுதால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மூக்கு சிவக்கும், அப்பாவுக்கும் சிவக்கும். அவனுக்கு மூக்கு சிவக்கவில்லை.

எனக்கு என்னவோ அப்பாவை இரண்டாவது முறை வெட்டியது போல இருந்தது. இந்தத் தடவை வெட்டுவதற்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்தவள் நான்.

அம்மா போனாள். நடுங்காமல் ஒரு கைச் சோறு அள்ளி அவன் கையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு கெஞ்சலை நான் அதற்குமுன் கண்டதில்லை. "வா சாமி" என்றாள்.

நான் இலை வரைக்கும் போனேன். நின்றேன்.

"என் கை வராதுங்க" என்றேன்.

சித்தன், "ஏனம்மா லதா, அவன்தான் இவ்வளவு சொல்றானே" என்றார்.

"அவரு சொன்னது என் கனவுங்க. போன வாரம் எங்க களத்துல நான் அழுதுட்டே சொன்னதுங்க. அப்படியே எடுத்துச் சொல்றாருங்க."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "கனவுக்குப் பட்டா போட்டு வெச்சிருக்கறாளாக்கும். ஒரே அப்பன், ரெண்டு பேருக்கும் ஒரே கனவு வரக்கூடாதா?" என்றாள். இன்னொருத்தி என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றாள். சிவக்குமாரே ஆண்கள் பக்கமிருந்து வந்து என் காதருகில், "வேண்டாம் புள்ள, ஊரப் பகைச்சுக்காதே" என்றார். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டேன். வழக்கம் வழக்கம்தான். கை வரவில்லை என்றால் வரவில்லை.

சித்தன் வெகுநேரம் கழித்து, "அப்ப ஒரு கை கொறையுது" என்றார். அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லோரும் சின்னராஜைப் பார்த்தார்கள், இடிந்துபோவான் என்று. அவன் அம்மா வைத்த சோற்றை இலையிலேயே திரும்பப் போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். கண் அதற்குள் காய்ந்திருந்தது. ஊருக்கு ஒரு கும்பிடு போட்டான். போகிற வழியில் என் பக்கத்தில் கொஞ்சம் நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"'மழை உள்ள வந்துரும்'கற எடம்... சரியா வந்துச்சா கண்ணு?"

அதைக் கோபத்தில் கேட்டிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. அவனுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அம்மாவோடு நான் வீட்டுக்கு நடந்தேன். வருத்தப்படுவாள், நாலு நாள் பேசமாட்டாள், பரவாயில்லை, உயிரோடு இருப்பாள் என்று எனக்குள் ஒரு நிறைவு. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் போகும்போது அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கெடுத்துட்டியே, லதா."

"நான் கெடுத்தனா? உங்கள அவன்கிட்ட இருந்து காப்பாத்தியிருக்கறேன்."

"மணிகண்டன் தேனெடுக்கப் போனானே, அன்னைக்குக் கயிறு பிடிச்சது யாருன்னு தெரியுமா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எங்கள் மலையில் தேன் எடுப்பவன் பாறை விளிம்பிலிருந்து கயிற்றில் இறங்குவான். மேலே கயிற்றைப் பிடிக்க மச்சினன்தான் வேண்டும். அக்கா தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று அவன் கையை விடமாட்டான். கூடப்பிறந்தவனைப் பிடிக்க விடுவதில்லை. மணிகண்டனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, மச்சினன் இல்லை. அதனால்தான் அன்றைக்குச் சின்னராஜ் பிடித்தான். அது எல்லோருக்கும் தெரியும். கயிறு அறுந்துவிட்டது என்று அவன் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும்.

"கயிறு அறுந்து போகல சாமி" என்றாள் அம்மா. "பொழுதோட நான் பாறைக்குப் போயிப் பாத்தேன். முழுசா சுருட்டி வெச்சிருந்துச்சு. நாந்தான் கொண்டாந்து அடுப்புல வெச்சேன். ஒருத்தன் போயிட்டான், இன்னொருத்தனத் தூக்குல உடணுமான்னு நெனச்சேன். உங்கப்பன்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா அவரு அவனுக்கு முதுகக் காட்டிக் குனிஞ்சிருக்க மாட்டாரு."

பனி எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து போனது. அவள் முகம் மறைந்து மறுபடி தெரிந்தது. அழவில்லை. அழுது முடித்து வருடக்கணக்கான முகம்.

"அப்பறம் எதுக்கும்மா ஜெயிலுக்குப் போய்ப் போய்ப் பாத்தீங்க?"

"வெளிய வந்தா எங்க போவான், யாரு மேல கண்ணு வெச்சிருக்கறான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? போனப்பெல்லாம் உன்னப் பத்தித்தான் கேப்பான். லதா எந்த ஊர்ல இருக்கறா, ஊட்டுக்காரரு எப்ப வேலைக்குப் போவாரு, புள்ள எந்த ஸ்கூலு. நொம்பப் பாசமாத்தான் கேப்பான்."

நான் திரும்பிக் கரடியூர்ப் பாதையைப் பார்த்தேன்.

"அவன ஊருக்குள்ள என் ஊட்டுல கட்டிப் போட்டரலாம்னு இருந்தேன். ஊர்ல நாலு பேர் கண்ணு அவன் மேல இருக்கும். எங்கண்ணு எந்நேரமும் இருக்கும். எந்திரிச்சா தெரியும், எங்க போறான்னு தெரியும். மிஞ்சிப் போனா என்னக் கொல்லுவான். கொன்னா மறுக்கா உள்ள போயிருவான். உன் புள்ள பொழச்சுக்கும். அதுக்குத்தான் சோறு போட்டேன். பாசத்துலன்னா நெனச்சே?"

இத்தனை வருடமாக அவளைப் பைத்தியக்காரி, பாசத்தில் கண் அவிந்தவள் என்றெல்லாம் நான் ஏசிய ஏச்சுகள் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு, "எந்திரி கண்ணு, பஸ்சுக்கு நேரமாவுது" என்றாள்.

"எங்கம்மா போறீங்க?"

"அவன் எங்க போறானோ அங்க."

சின்னராஜ் ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்பில் ஒரு ரூம் எடுத்தான். அங்கேயே பழக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அன்னாசியைக் கண் கண்ணாகச் சீவி, மிளகாய்ப்பொடி தூவி, டூரிஸ்டுகளுக்குக் கொடுக்கிறான். கத்தி அவன் கையில் விளையாடுகிறது. வருகிறவர்கள் வீடியோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அவனோடு இருந்துவிட்டாள். வெளியாளோடு போனதால் ஊருக்கு அவளும் வெளியாள். அவளை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன், காலைப் பிடித்துக் கூப்பிட்டேன். "நான் இங்க வந்தா அவனும் இங்க வருவான்" என்று ஒரே பதில். போலீசுக்குப் போகலாம் என்றார் சிவக்குமார். போய் என்னவென்று சொல்வது? தாயைத் தாங்குகிறான், தங்கையை நலம் விசாரிக்கிறான் என்றா?

ஒரு ஏற்பாடு மட்டும் செய்துகொண்டோம். அம்மாவுக்கு ஒரு சின்ன பட்டன் போன் வாங்கிக் கொடுத்து, என் நம்பருக்கு ஒரு பொத்தானை வைத்துக்கொடுத்தேன். காலையில் எழுந்ததும் அதை அமுக்குவாள். என் போன் ஒரு தடவை அடித்து நிற்கும். நான் எடுக்கவேண்டியதில்லை. ராத்திரி தாண்டிவிட்டது, இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த ஒரு சத்தம் வந்த பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். மேகலாவுக்கு அதற்குமேல்தான் சடை. சத்தம் வரும்வரை வீட்டில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள்.

குளிர் போய் மழை வந்தது. மிஸ்டு கால் ஒரு நாளும் தவறவில்லை. நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்க ஆரம்பித்தேன். ஒருவேளை வயதாகி அடங்கிவிட்டானோ என்றுகூட நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவக்குமாரோடு ஜீப்பில் ஒண்டிக்கடை போனேன். ரூம் கதவு திறந்திருந்தது. அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். சின்னராஜ் பின்னால் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். சிக்கை வலிக்காமல் எடுத்தான். நான் "அம்மா" என்று கூப்பிட்டதும் அவள் திரும்பினாள். திரும்பின வேகத்தில் சீப்பு மாட்டிக்கொண்டது. அவள் என்னையே பார்த்தாள். எதையோ சொல்லப் பார்த்த பார்வை. வாய் திறக்கவில்லை.

"ஒக்காரு கண்ணு, டீ போடறேன்" என்றான் அவன். "அம்மாவுக்கு இப்ப விரல் நடுங்குது. போன்ல பட்டன் அமுக்க முடியறதில்ல. அதனால நாந்தான் காலைல உனக்கு மிஸ்டு கால் குடுக்கறேன். நீ பாவம், காத்துட்டு இருப்பீல்ல."

"எப்ப இருந்துங்கண்ணா?"

"கொஞ்ச நாளா" என்றான், சிக்கை விடுவித்துக்கொண்டே.

அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வர அப்போதே கையைப் பிடித்தேன். அவள் கையை உதறினாள். "ஊட்டுக்குப் போ. புள்ளயத் தனியா உடாதே" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

இன்று காலை மழை. போன் ஒரு தடவை அடித்து நின்றது. சிவக்குமார் நிம்மதியாக எழுந்து பல் தேய்க்கப் போனார். நான் திரும்ப அந்த நம்பருக்குப் போட்டேன். அவன் எடுத்தான். அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். தூங்குகிறாள் என்றான். நல்லா இருக்கிறாள், நீ கவலைப்படாதே என்றான். சிவக்குமார் ஜீப்பை எடுத்து வருவதற்காக நான் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறேன். என் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குச் சொல்ல இந்த உலகத்தில் இனி அவன் ஒருவன்தான் இருக்கிறான்.